நாலாம் கியரில் மட்டும் அமைதி

நாலாம் கியரில் சத்தம் அடங்கிவிட்டால் எனக்குப் பாதி விவரம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் ஐந்து கியர் பெட்டியில் நாலாவதுதான் நேர் கியர். இன்ஜினிலிருந்து வரும் சுழற்சி இன்புட் ஷாஃப்ட்டிலிருந்து மெயின் ஷாஃப்ட்டுக்கு நேராகப் போய்விடும். கீழே கிடக்கும் கவுண்டர் ஷாஃப்ட் அப்போதும் சுற்றும், ஆனால் பாரம் சுமக்காது. மற்ற கியர்களிலெல்லாம் ஊளையிட்டுவிட்டு நாலில் மட்டும் வாயை மூடிக்கொள்ளும் பெட்டியில் கவுண்டர் ஷாஃப்ட் பேரிங் போயிருக்கும். நியூட்ரலில் நிற்கும்போது உறுமி, கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போதுதான் கீச்சிடுகிறது என்றால் பெட்டியைக் குறை சொல்லக்கூடாது, அது கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

இதைக் கற்றுக்கொண்டது திருநெல்வேலிப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில். லேலண்ட் காமெட்டும் டாட்டா 1210-ம் வந்து நிற்கும் இடம். மேஸ்திரி நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பெட்டியின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டு முடித்ததும் என் காதில் வைத்து, "என்னல கேக்கு?" என்பார். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. பிரித்த பிறகு போன பேரிங்கை என் கையில் கொடுத்து உருட்டிப் பார்க்கச் சொல்வார். சத்தத்தையும் சாமானையும் ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ள எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. அங்கே பெட்டி மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. இறக்குவோம், பிரிப்போம், பேரிங்கும் சீலும் போட்டு ஏற்றுவோம். "தொறந்து பாக்காம தூக்கிப் போடுதவன் மெக்கானிக் இல்லல, சொமதூக்கி" என்பது அவர் வாக்கு.

அந்த வாக்கோடு ஓமானுக்குப் போன எனக்கு நிஸ்வாவின் சனையாவில் வேலை. ஊருக்கு வெளியே பட்டறைகளும் வெல்டிங் கடைகளும் டயர்க் கடைகளும் மட்டுமே இருக்கும் பகுதியை அங்கே அப்படிச் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை காலையில் நிஸ்வா கோட்டையின் அருகே ஆட்டுச் சந்தை கூடும். ஆடுகளை வட்டமாக நடத்திக்கொண்டு போவார்கள், வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து விலை கேட்பார்கள். அந்த ஆடுகளைக் கொண்டு வருவதில் பெரும்பங்கு பழைய பிக்கப்கள்தான். வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பட்டறையில் நெரிசல் ஏன் என்று முதல் மாதம் எனக்குப் புரியவில்லை.

இன்னொரு கூட்டம் மலையிலிருந்து வரும். நிஸ்வாவுக்குப் பக்கத்தில் பிர்கத் அல் மௌஸ் என்ற ஊர். அங்கிருந்து ஜெபல் அக்தர் மலைக்குச் சாலை ஏறுகிறது. மேலே சைக் சமவெளி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாதுளையும் பன்னீர் ரோஜாவும் விளையும் குளிர்ந்த இடம். அடிவாரத்தில் போலீஸ் சாவடி. நான்கு சக்கரத்திலும் இழுக்கும் வண்டி இல்லையென்றால் ஏறவே விடமாட்டார்கள். தார்ச்சாலைதான், அகலமான சாலைதான், ஆனால் இறக்கம் பொல்லாதது. பிரேக் பிடிக்காத வண்டிகள் ஓடி ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் மண்ணேற்றங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த இறக்கத்தில் விவரம் தெரிந்தவன் கியரில் வண்டியை அடக்கிக்கொண்டு வருவான், தெரியாதவன் பிரேக்கைப் புகைய விடுவான். எங்கள் பட்டறைக்கு இருவருமே வருவார்கள். ஒருவன் பிரேக் ஷூவுக்கு, மற்றவன் சில வருஷம் கழித்துக் கியர்பாக்ஸுக்கு.

நான் சொல்ல வரும் வண்டி ஆட்டு வியாபாரம் செய்த ஒரு பெரியவருடையது. 1990-களின் ஹைலக்ஸ், ஒற்றைக் கேபின், 22ஆர் பெட்ரோல் இன்ஜின். 2,366 சிசி, கார்புரேட்டர். அந்த இன்ஜினைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, எண்ணெயும் தண்ணீரும் இருந்தால் ஓடும், டைமிங் செயின் சத்தம் போட்டால் மட்டும் உடனே கவனிக்கவேண்டும். பெரியவர் இறங்கியதும், "சதீக், கியர் கலாஸ். வேற போடு" என்றார். நண்பா, கியர் பெட்டி முடிந்தது என்று அர்த்தம்.

வேற போடு என்று வருகிறவர்களில் பலருக்குப் பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. கியர் லீவர் தளர்ந்து குழம்பில் விட்ட அகப்பையாக ஆடும், எந்தக் கியர் விழுகிறது என்றே தெரியாது. ஹைலக்ஸில் லீவரின் அடிக்குமிழ் ஒரு நைலான் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. வருஷக்கணக்கில் வெயிலும் எண்ணெயும் பட்டு அது நொறுங்கிப்போகும். ரப்பர் உறையைத் தூக்கி, மூடியை அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் லீவர் கையோடு வந்துவிடும். புதுக் கிண்ணத்தைப் போட்டு, கிரீஸ் தடவி மூடினால் ஒரு டீ குடிக்கும் நேர வேலை. இந்த வேலையைச் செய்துகொடுத்த நாட்களில் பட்டறை முதலாளியின் முகம் சரியாக இருக்காது. பெட்டி மாற்றினால் வரும் கூலி எங்கே, பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு வரும் கூலி எங்கே. ஆனால் அப்படிப் போனவர்கள்தான் தம்பியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

பெரியவரின் வண்டியில் கிண்ணம் நன்றாக இருந்தது. நான் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாவற்றிலும் ஊளை. நாலில் அமைதி. ஐந்தில் மறுபடி ஊளை. பட்டறைக்குத் திரும்பி எண்ணெயை வடிக்கச் சொன்னேன்.

இங்கே ஹெல்பர் பையனுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. கீழே வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் போல்ட்டைத் திறந்துவிட வேண்டும். பழைய வண்டியில் அந்த மேல் போல்ட்டின் தலை மழுங்கியிருக்கும், கழன்று வராது. கீழே முழுவதும் வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால் வண்டியை நகர்த்தக்கூட முடியாது. இரண்டுக்கும் 24-ஆம் நம்பர் பாக்ஸ் ஸ்பானர், நல்ல நீளமான டாமி. ஓப்பன் ஸ்பானரை வைத்துத் தலையை உருட்டிவிட்டுப் பிறகு உளியைத் தேடுவது எனக்குப் பிடிக்காது.

பெரியவரின் பெட்டியில் மேல் போல்ட்டைத் திறந்து விரலை விட்டால் எண்ணெய் தட்டுப்படவில்லை. விளிம்பு வரை இருக்கவேண்டியது எங்கோ அடியில் கிடந்தது. ஆனால் வண்டிக்கு அடியில் சொட்டின தடம் எதுவும் இல்லை, பெட்டியின் மேல் படிந்த மண் காய்ந்த மண்ணாகத்தான் இருந்தது. அப்படியென்றால் எண்ணெய் எங்கே போயிற்று? பின்னாலேயே ஒட்டியிருந்து முன் சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் போல்ட்டைத் திறந்தேன். அங்கிருந்து எண்ணெய் பொங்கி என் முழங்கை வரை வழிந்தது. பெட்டிக்கும் ட்ரான்ஸ்ஃபருக்கும் நடுவில் ஓர் ஆயில் சீல் இருக்கிறது. அது போய்விட்டால் எண்ணெய் வெளியே சொட்டாது, இங்கிருந்து அங்கே குடியேறிவிடும். கியர்பாக்ஸ் பட்டினி கிடந்து தேயும், ட்ரான்ஸ்ஃபர் வயிறு முட்ட நிற்கும். வண்டிக்காரர் தரையைப் பார்த்துவிட்டு ஒழுகவில்லை என்று நிம்மதியாக ஓட்டுவார்.

இந்த ஒரு சீலைப் பார்க்காமல் பெட்டியை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? புதிதாக வந்த பெட்டியும் அதே பட்டினியில் போய்ச் சேர்ந்திருக்கும். சனையாவில் ஒரே வண்டிக்கு இரண்டு முறை, மூன்று முறை பெட்டி மாற்றின கதைகளை நான் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் பேச்சு முடியும். சில கதைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். பழைய பெட்டி எதனால் செத்தது என்று ஒருவரும் கேட்காமல் விட்டதுதான் மற்றவற்றின் காரணம் என்பது என் எண்ணம்.

வடித்த எண்ணெயைத் தட்டில் விட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். போல்ட்டின் காந்தத்தில் மை போன்ற இரும்புத்தூள் இருந்தால் கவலையில்லை, எந்தப் பழைய பெட்டியிலும் அது இருக்கும். பொன்னிறத்தில் எண்ணெய்க்குள் மினுமினுப்பது பித்தளை, காந்தத்தில் ஒட்டாது. அது சின்க்ரோ வளையங்களின் தேய்மானம். இவருடைய தட்டில் மூன்றாவதும் இருந்தது. நகத்தளவு இரும்புச் சில்லுகள், பேரிங் கூட்டின் ஒரு துண்டு.

வாடி என்று அங்கே சொல்லும் காட்டாற்றுப் படுகையில் தண்ணீர் ஓடும்போது இறங்கிக் கடந்த வண்டியா என்றும் பார்க்கவேண்டும். மலையில் மழை பெய்தால் வறண்ட வாடிகள் கொஞ்ச நேரத்தில் ஆறாகிவிடும். பல மணி நேரம் ஓடிச் சூடேறிய பெட்டி அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்பத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மேலே மூச்சுவிடும் குழாய் வழியாகவும் தளர்ந்த சீல்கள் வழியாகவும். அப்படிப் போன பெட்டியின் எண்ணெய் வெளுத்துக் கலங்கியிருக்கும். பெரியவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி ஊர்ப் பழக்கத்தில் பெட்டியைப் பிரித்துப் பேரிங் மாற்றலாமே என்று கேட்பீர்கள். ஹைலக்ஸ் பெட்டி பிரிப்பதற்கு அழகான பெட்டி. முன்பக்க அலுமினிய உறையை உருவிவிட்டால் எல்லா ஷாஃப்ட்டும் எல்லாக் கியரும் நடுத்தகடு ஒன்றில் தொங்கிக்கொண்டு அப்படியே நிற்கும். தகட்டை வைஸில் கடித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றலாம். சத்தம் தொடங்கின புதிதில் வந்திருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பேரிங் தளர்ந்தே ரொம்ப நாள் ஓடின பெட்டியில் ஷாஃப்ட் தன் மையத்தில் நிற்பதில்லை. பற்கள் ஒன்றையொன்று தவறான இடத்தில் கடித்துத் தேய்ந்து, அந்தத் தவறான இடத்துக்கே பழகிப்போயிருக்கும். அதில் புதுப் பேரிங் போட்டு ஷாஃப்ட்டை மையத்துக்குக் கொண்டுவந்தால் தேயாத இடமும் தேய்ந்த இடமும் மோதி வேறொரு ஊளை கிளம்பும். போதாததற்கு இந்தப் பெட்டிகளில் ஷாஃப்ட்டின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்ளிப்கள் பல கனங்களில் வரும். அளந்து பார்த்துச் சரியானதைப் போடவேண்டும். அந்தக் கனம் நிஸ்வாவில் கிடைக்காது, மஸ்கட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காத்திருக்கவேண்டும். அடுத்த வெள்ளிக்குள் வண்டி வேண்டுமென்று நிற்கிறவருக்கு அது பதிலாகாது, ஆகவே பெட்டியை மாற்றுவதென்று முடிவு. என் மேஸ்திரி உயிரோடு இருந்திருந்தால் தட்டில் கிடந்த சில்லுகளை அவரிடம் காட்டியிருப்பேன். திட்டமாட்டார் என்றே நினைக்கிறேன்.

பழைய பெட்டி வாங்குவதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் பெரும்பகுதி இருக்கிறது. ஷார்ஜாவின் பழைய உதிரிபாகச் சந்தை வளைகுடா முழுவதற்கும் சாமான் கொடுக்கிறது. ஜப்பானிலிருந்து வெட்டி வந்த பாதி வண்டிகள், விபத்தில் நொறுங்கினவை, காலம் முடிந்தவை எல்லாம் அங்கே பிரிந்து குவியும். எல்லை தாண்டிப் போய்வரும் ஓட்டுநர்கள் சொல்லி வைத்தால் வாங்கி வருவார்கள், ஆனால் பெட்டி விஷயத்தில் நான் நேரில் பார்க்காமல் வாங்கியதில்லை. கையில் மூன்று சாமான்களோடு போவேன்: டார்ச், ஒரு இரும்புக் கம்பி, வண்டியிலிருந்து கழற்றின பழைய கிளட்ச் பிளேட்.

ஹைலக்ஸுக்கு டபிள்யூ என்றும் ஜி என்றும் தனித்தனி வரிசைப் பெட்டிகள் உண்டு. டபிள்யூ56, ஜி52 என்று பெயர் சொல்லிக் கேட்டாலும் குவியலில் எல்லாம் கலந்துதான் கிடக்கும். டீசல் இன்ஜினுக்கு வந்த பெட்டியில் இன்ஜினோடு சேரும் மணி உறையும் பெட்ரோலுக்கு வந்ததும் வேறு வேறு, போல்ட் துளைகள் ஒத்துப்போகாது. கடைக்காரர், "அதெல்லாம் உக்காரும் சேட்டா" என்று சத்தியம் செய்வார். தமிழன் என்று சொன்னாலும் அவருக்கு நான் சேட்டன்தான். பழையது எதுவோ அதே வரிசையில் தேடி, கிளட்ச் பிளேட்டை இன்புட் ஷாஃப்ட்டில் நுழைத்துப் பார்ப்பேன். 21 பற்கள் ஒத்து, வழுக்கிக்கொண்டு போகவேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது.

பிறகு இன்புட் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைப்பேன். மிகச் சிறிதளவு ஆட்டம் இருக்கும், இருக்கவும் வேண்டும், ஏனென்றால் அதன் மறுமுனையைத் தாங்கும் பைலட் பேரிங் இன்ஜின் பக்கம் இருக்கிறது. கரகரப்பு இருக்கக்கூடாது. லீவர் இல்லாத துளையில் கம்பியை விட்டு ஒவ்வொரு கியராகப் போட்டு, ஒரு கையால் சுற்றி, மறுகையால் பின்பக்கம் எத்தனை சுற்று வருகிறது என்று பார்ப்பேன். ஊற்றும் துளைக்குள் டார்ச் அடித்தால் பற்களின் ஓரம் தெரியும். ஓமானில் கோனு புயல் அடித்தது 2007 ஜூனில். அதற்குப் பிறகு எந்தப் பழைய பெட்டியிலும் நான் முதலில் தேடுவது துருக்கோட்டைத்தான். பாதி உயரத்தில் நேர்கோடாகத் துரு இருந்தால் அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். முகர்ந்தும் பார்ப்பேன். கருகின வாடை ஒருமுறை மூக்கில் பதிந்தால் மறக்காது. உறையைச் சேர்க்கும் இடத்தில் புது கேஸ்கெட் பசை பிதுங்கியிருந்தால் யாரோ முன்பே திறந்திருக்கிறார்கள். திறந்தவர் யாரென்று தெரியாத பெட்டியைவிட, திறக்காத அழுக்குப் பெட்டியே எனக்கு மேல்.

பேரம் முடித்து ஒரு பெட்டி வந்தது, கூடவே ட்ரான்ஸ்ஃபரையும் சேர்த்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். வேண்டாமென்றேன். பெரியவரின் ட்ரான்ஸ்ஃபர் செயின் இல்லாத, முழுக்கக் கியரால் ஓடும் வகை. லோ போட்டால் 2.28 மடங்கு இழுவை. எண்ணெய் மிஞ்சிக் கிடந்ததால் உள்ளே ஒரு தேய்மானமும் இல்லை. ஸ்பீடாமீட்டர் வயருக்கான சின்னக் கியரும் அதில்தான் இருக்கிறது, ஆகவே மீட்டர் மாறிக் காட்டும் தொல்லையும் இல்லை.

இறக்குகிற வேலையை நான் எப்போதும் கேபினுக்குள்தான் தொடங்குவேன். லீவர்களின் ரப்பர் உறைக்கு அடியில் பல வருஷத்து மணல் தங்கியிருக்கும். அதைக் காற்றடித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த மணல் நேராகப் பெட்டிக்குள். அடியில் இறங்கியதும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டின் இணைப்பிலும் உளியால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுவேன். அதே நிலையில் திரும்ப மாட்டாவிட்டால் வேகத்தில் அதிரும். கிளட்ச் சிலிண்டரை அதன் குழாயோடு அப்படியே கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டால் காற்று எடுக்கும் வேலை மிச்சம். ஸ்டார்ட்டர், ரிவர்ஸ் விளக்கு வயர், ஃபோர் வீல் விளக்கு வயர், சைலன்ஸர் பிடிமானம் என்று ஒவ்வொன்றாக விலகும்.

குறுக்குச் சட்டத்தைக் கழற்றும் முன் இன்ஜினின் எண்ணெய்த் தட்டுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுக்கவேண்டும். பின்னால் தாங்கல் இல்லாமல் இன்ஜின் சாய்ந்தால் முன்னால் விசிறி ரேடியேட்டர் கூட்டில் உரசி உடைக்கும். இதற்குப் பின் மிச்சம் இருப்பது மணி உறையின் உச்சியில் இருக்கும் போல்ட்கள். மேலிருந்து கை போகாது, பக்கத்திலிருந்தும் போகாது. பெட்டியின் பின்முனையைக் கொஞ்சம் தாழ்த்தி, எக்ஸ்டென்ஷன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நுனியில் யுனிவர்சல் ஜாயிண்டும் பாக்ஸும் மாட்டி, பெட்டியின் முதுகின் மேலாகவே அனுப்பவேண்டும். ஒருவன் நுனியைப் பிடித்து உட்கார வைக்க, மற்றவன் பின்னால் இருந்து ரேட்செட் சுற்றுவான். பையனிடம், "உக்காந்துச்சா?" என்று நான் தமிழில் கேட்பேன், அவன் வங்காளத்தில் பதில் சொல்வான். போல்ட் கழன்றுகொண்டுதான் வந்தது.

அது ஜூலை மாதம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30-இலிருந்து 3.30 வரை வெட்டவெளி வேலை கூடாதென்பது ஓமானின் சட்டம். எங்களுடையது கூரை போட்ட பட்டறை, ஆனாலும் தகரக் கூரைக்கு அடியில், வண்டிக்கு அடியில், அந்த நேரத்தில் படுக்க யாராலும் ஆகாது. விடியும் முன் தொடங்கி வெயில் ஏறும் முன் பெட்டியை இறக்கிவிடுவது எங்கள் கணக்கு. வெயிலில் கிடந்த ஸ்பானரைத் துணி சுற்றிப் பிடித்த நாட்கள் உண்டு.

பெட்டியும் ட்ரான்ஸ்ஃபரும் சேர்ந்து ஆள் எடை இருக்கும், அதுவும் எடையெல்லாம் பின்பக்கமாகச் சாயும். தனி கியர்பாக்ஸ் ஜாக்கி எங்களிடம் இல்லை. தள்ளுவண்டி ஜாக்கியின் தலையில் ஒரு தகட்டை வெல்டிங் வைத்து, அதில் சங்கிலியால் கட்டி இறக்குவோம். இறக்கும்போதும் ஏற்றும்போதும் ஒரு விதி கண்டிப்பு. இன்ஜினுக்கும் மணி உறைக்கும் இடையே விரல் போகவே கூடாது. ஆணி துளையில் விழுகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தவர்களின் கைகளைச் சனையாவில் பார்த்திருக்கிறேன்.

பெட்டி கீழே இருக்கும்போது இன்ஜின் பக்கத்தைப் பார்க்காமல் விடுவது எனக்கு அநியாயமாகப் படும். இன்ஜினின் பின் ஆயில் சீல் கசிந்திருந்தால் அப்போதே மாற்றவேண்டும், ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவவேண்டும். பைலட் பேரிங் சின்னச் சாமான், ஆனால் அது இறுகினால் கிளட்ச் மிதித்தாலும் கியர் விழாது. அதைப் பிடுங்கத் தனிக் கருவி தேடவேண்டியதில்லை. நடுத்துளையில் கிரீஸை நெருக்கி அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பியை விட்டுச் சுத்தியலால் அடித்தால் கிரீஸ் பின்னாலிருந்து தள்ளிப் பேரிங் தானே வெளியே வரும். முகத்தில் தெறிக்கும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

பெரியவர் கிளட்ச் பிளேட் பாதிதான் தேய்ந்திருக்கிறது, அதையே போடு என்றார். கூலி ஒன்றுதான், ஆறு மாதம் கழித்து அதற்காக மறுபடி இறக்கினால் இதே கூலியை மீண்டும் கொடுக்கவேண்டும் என்று எடுத்துச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். கிளட்ச் மூடியின் போல்ட்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கி, 19 நியூட்டன் மீட்டரில் நிறுத்தவேண்டும். கை வலு இருக்கிறதென்று அதற்கு மேல் இறுக்கினால் சின்னப் போல்ட் முறியும். பிளேட்டை மையத்தில் நிறுத்த எங்களிடம் செத்துப்போன ஒரு பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் வெட்டி வைத்திருந்தது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் கருவியைவிட அது உத்தமம்.

பெஞ்சில் வைத்து ட்ரான்ஸ்ஃபரைப் புதுப் பெட்டியில் சேர்க்கும்போது நடுவில் இருக்கும் அந்த சீலை நானே போட்டேன், பையனிடம் விடவில்லை. ஏற்றும்போது பெட்டியை ஒரு கியரில் போட்டுவிட்டுப் பின்பக்க ஃப்ளாஞ்சை மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ளினால் பல் பல்லில் விழும். மணி உறை இன்ஜின் முகத்தோடு கை வலுவிலேயே ஒட்டிவிட வேண்டும். விரலிடை இடைவெளி நின்றுவிட்டால் போல்ட்டைப் போட்டு இழுக்கலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். இழுத்தால் அலுமினியக் காது உடையும், அல்லது பெட்டியின் பாரம் முழுவதும் கிளட்ச் பிளேட்டின் மையத்தில் தொங்கி அதை வளைத்துவிடும். பின்னால் இழுத்து, கோணத்தைப் பார்த்து, மறுபடி தள்ளவேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கும் பட்டறைக்கும் சண்டை. 75டபிள்யூ-90 கியர் ஆயிலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு தரம். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 கட்டாயம். அங்கே பற்கள் வழுக்கிக்கொண்டு அழுத்தும். டிரம்மில் இருப்பது அதுதான் என்பதால் பெட்டியிலும் அதையே ஊற்றிவிடுவார்கள். கையேடு இரண்டையும் ஏற்றுக்கொண்டாலும், ஜிஎல்-5-இல் கலக்கும் கந்தகச் சேர்க்கை சில வகைகளில் பித்தளைக்கு ஆகாது, சின்க்ரோ வளையமோ பித்தளை. நான் ஜிஎல்-4 டப்பாவைத் தனியாக வாங்கி வரச் சொல்லித்தான் ஊற்றினேன்.

ஃபோர் வீலை மண்தரையில் போட்டுப் பார்த்தோம். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடவேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாமல் ஷாஃப்ட்கள் முறுக்கிக்கொள்ளும், லீவர் திரும்ப வராது. சாவடியில் ஃபோர் வீல் கேட்கிறார்களே என்று அடிவாரத்திலேயே போட்டுக்கொண்டு காய்ந்த தார்ச்சாலையில் மலை முழுக்க ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். போலீஸ் கேட்பது வண்டியில் அது இருக்கிறதா என்றுதான். செங்குத்தான இறக்கத்தில் பாரத்தோடு லோ போட்டு மெல்ல இறங்குவது வேறு விஷயம்.

பிர்கத் அல் மௌஸ் வரை போய் முதல் ஏற்றங்களில் இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியைக் கொடுத்தேன். மறுநாளே பெரியவர் வந்துவிட்டார். "சதீக், சத்தம் இருக்கு." கூட ஏறி உட்கார்ந்து கேட்டேன். கியரால் ஓடும் ட்ரான்ஸ்ஃபரின் மெல்லிய சிணுங்கல், அந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்த நாளிலிருந்து இருப்பது. இத்தனை நாள் பெட்டியின் ஊளையில் அது அவர் காதுக்கு எட்டவில்லை. சொன்னேன். முழு நம்பிக்கை இல்லாமல் தலையை ஆட்டினார். பின்னால் ஆடுகள் நின்றிருந்ததால் பேச்சை வளர்க்கவில்லை. வாங்கிப் போட்ட பெட்டிக்குள் கிடந்த தூள் எதுவும் மிச்சம் இருந்தால் போகட்டும், 500 கிலோமீட்டர் ஓடியதும் வாருங்கள், எண்ணெயை ஒருமுறை மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். இன்ஷா அல்லாஹ் என்றார். வரவில்லை. யாரும் வருவதில்லை.